தேதி தள்ளிப்போகும் கேம்கள், தலைமுறை தாண்டும் கேம்கள்

1997 ஏப்ரலில், 'டியூக் நூகம் ஃபாரெவர்' என்ற வீடியோ கேம் விரைவில் வரப்போகிறது என்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஸ்டூடியோ ஒன்று அறிவித்தது. ஸ்டூடியோவின் பெயர் த்ரீடி ரெல்ம்ஸ். முந்தைய ஆண்டு அவர்கள் வெளியிட்ட 'டியூக் நூகம் த்ரீடி' பெரும் வெற்றி பெற்றிருந்தது. கையில் பணம் இருந்தது, தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள், வாங்கக் காத்திருக்கும் ரசிகர்களும் இருந்தார்கள். ஆனாலும் கேம் கடைக்கு வந்தது 2011 ஜூனில்தான். அறிவிப்பு வந்தபோது ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்குள் படிப்பை முடித்து வேலைக்கே போயிருந்தார்கள். இந்த 14 ஆண்டு இழுபறி கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2008ல் அறிவித்த 'பியாண்ட் குட் அண்ட் ஈவில் 2' அந்தச் சாதனையையும் 2022ல் தாண்டிவிட்டது.

இதே துறையில்தான் இன்னொரு காட்சியும் நடக்கிறது. 1985ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்', 1986ல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா', 1996ல் வந்த 'போக்கிமான்' ஆகியவை இன்றும் புதுப்புது பாகங்களாக வந்துகொண்டிருக்கின்றன. அப்பா விளையாடிய கேமின் அடுத்த பாகத்தை மகள் விளையாடுகிறாள்.

ஒருபக்கம் ஒரு கேமை முடிக்கவே முடியாமல் திணறுகிறார்கள். மறுபக்கம் 30, 40 ஆண்டுகளாக ஒரே வரிசையை நிறுத்தாமல் நடத்துகிறார்கள். இவற்றை நாம் தனித்தனிச் செய்திகளாகவே படிக்கிறோம். முன்னதற்குச் சோம்பேறித்தனம் அல்லது நிர்வாகக் கோளாறு என்றும், பின்னதற்கு அதிர்ஷ்டம் அல்லது விளம்பர பலம் என்றும் காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏற்கெனவே செய்து முடித்த வேலையில் எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? இதற்குச் சொல்லும் பதில்தான் ஒரு கேம் தாமதமாகுமா, அதன் வரிசை நிலைக்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, தாமதம் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மனம் போடும் தப்புக் கணக்கு

தாமதம் கணினியில் தொடங்குவதில்லை, மனித மனத்தில் தொடங்குகிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979ல் இதைத் 'திட்டமிடல் பிழை' என்று அடையாளம் காட்டினார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கணிக்கும்போது, வேலை நடக்கப்போகும் விதத்தைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். இதுபோன்ற வேலைகள் முன்பு எவ்வளவு நாள் இழுத்தன என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

1994ல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்களில் காட்டியது. ரோஜர் ப்யூலரும் அவருடைய சகாக்களும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே கோளாறாகிப் போனால் எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் சராசரியாக 55 நாளுக்கு மேல் ஆனது. மிக மோசமான நிலைமையை நினைத்துச் சொன்ன கணக்கைவிடவும் நடந்தது மோசம். அந்த மாணவர்கள் எழுதியது ஓர் ஆய்வேடு. அதற்கு எத்தனை பக்கம், எத்தனை அத்தியாயம் என்று ஏறக்குறைய முன்பே தெரியும். இதுவரை யாரும் செய்யாத ஒரு கேமை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து செய்யும்போது கணிப்பு எவ்வளவு தூரம் பிசகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஜோடிகளின் கணக்கு

கணிப்பு பிசகியதும் நிர்வாகம் எடுக்கும் முதல் முடிவு கூடுதல் ஆட்களைப் போடுவது. ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிக்கான இயங்குதளத்தை உருவாக்கும் பணியை 1960களில் வழிநடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ், இந்த வழி ஏன் பலிப்பதில்லை என்று 1975ல் ஒரு புத்தகமே எழுதினார். ஏற்கெனவே தாமதமான மென்பொருள் வேலையில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட விதி. புதியவருக்கு வேலையைக் கற்றுத்தர வேண்டும், கற்றுத்தருபவரின் வேலை அதுவரை நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல், ஆட்களுக்கு இடையிலான தொடர்புகள் பெருகும் வேகம். 5 பேர் இருந்தால் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 10. 10 பேர் என்றால் 45. 50 பேர் என்றால் 1,225. ஆள் எண்ணிக்கை 10 மடங்கு ஆகும்போது ஜோடிகள் 122 மடங்குக்கும் மேல் ஆகிவிடுகின்றன.

இதே கணக்கு கேமின் உள்ளேயும் ஓடுகிறது என்பதுதான் இந்தத் துறையின் தனிச் சிக்கல். கேமில் 100 விதப் பொருள்கள் இருக்கின்றன, எந்தப் பொருளும் எந்தப் பொருளோடும் மோதலாம் என்று வைத்துக்கொள்வோம். சோதித்துப் பார்க்க வேண்டிய ஜோடிகள் 4,950. வடிவமைப்பாளர் ஒருவர் காலையில் வந்து, "இதில் ஒரு காந்தம் சேர்த்தால் நன்றாக இருக்குமே" என்கிறார். சேர்ப்பது ஒரே ஒரு பொருள். சோதிக்க வேண்டிய ஜோடிகள் இன்னும் 100 கூடிவிடும். ஒரு திரைப்படத்தில் கூடுதலாக ஒரு காட்சி எடுத்தால் அந்தக் காட்சிக்கான வேலையோடு போகும். கேமில் சேர்க்கும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருக்கும் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் உட்காரும்.

நிண்டெண்டோவின் 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' இதைச் சமாளித்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஸெல்டா வரிசையில் 2023 மே மாதம் வந்த இந்த கேமில், கண்ணில் படும் பொருள்களை ஆட்டக்காரர் ஒன்றோடொன்று ஒட்டலாம். பலகையில் சக்கரம் ஒட்டினால் வண்டி. விசிறியை ஒட்டினால் படகு. எதை எதோடு ஒட்டுவார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் சில பொருள்கள் இயற்பியல் விதிப்படி அசைந்தன. கதவு, பல்சக்கரம் போன்றவை முன்பே வரைந்து வைத்த அசைவின்படி நகர்ந்தன. அப்படி நகரும் பல்சக்கரத்தை எதைக் கொண்டும் நிறுத்த முடியாது. கணக்கின்படி அதன் விசைக்கு எல்லையே இல்லை. ஆட்டக்காரர் ஒரு பலகையை அதன் இடுக்கில் செருகினால் பலகை சுவரைத் துளைத்துக்கொண்டு போகும், அல்லது எங்கோ எகிறிப் பறக்கும்.

கோளாறுகளை ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டிருந்தால் ஜோடிகளின் கணக்கு அவர்களை விழுங்கியிருக்கும். எனவே விதிவிலக்கே கூடாது என்று முடிவெடுத்தார்கள். கதவு முதல் சக்கரம் வரை எல்லாவற்றுக்கும் எடை, உராய்வு, விசை கொடுத்து ஒரே இயற்பியல் விதியின் கீழ் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதும் வேலை போய், ஒரு விதியைச் சரியாக எழுதும் வேலையாக அது மாறியது. அந்த வேலைக்கும் காலம் பிடித்தது. 2022ல் வருவதாக இருந்த கேமை 2023க்குத் தள்ளினார்கள். கேம் பெரும்பாலும் முடிந்திருந்த நிலையில், கடைசி ஓராண்டைச் செப்பனிடவே செலவிட்டதாகத் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா பிறகு சொன்னார். வெளியான 3 நாளில் 1 கோடிப் பிரதிகள் விற்றன.

நகர்ந்துகொண்டே இருக்கும் இலக்கு

இனி 'டியூக்' கதைக்குத் திரும்பலாம். அங்கே நடந்தது செப்பனிடுதல் அல்ல.

ஒரு கேமின் அடியில் 'எஞ்சின்' என்ற மென்பொருள் இருக்கிறது. ஒளி எப்படி விழ வேண்டும், பொருள் எப்படி மோத வேண்டும், ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் கணக்கிடுகிறது. கலைஞர்கள் வரையும் சுவர், ஆயுதம், முகம் எல்லாமே அந்த எஞ்சினின் அளவுகளுக்கும் வரம்புகளுக்கும் ஏற்பவே தயாராகின்றன. 'டியூக்' அணி முதலில் 'குவேக் 2' எஞ்சினை உரிமம் பெற்று வாங்கியது. 1998 மே மாதம் அட்லாண்டா நகரில் நடந்த இ3 கண்காட்சியில் ஒரு ட்ரெய்லரைக் காட்டிப் பாராட்டும் வாங்கியது. அடுத்த மாதமே அன்ரியல் எஞ்சினுக்கு மாறப்போவதாக அறிவித்தது. புதிய எஞ்சின் இன்னும் அழகாக வெளிச்சம் காட்டியது என்பது உண்மைதான். அதற்கு விலையாக, அதுவரை செய்ததில் பெரும்பகுதியைக் கைவிட வேண்டியிருந்தது. பிறகு அதன் காட்சியமைப்பு நிரலையும் இயற்பியல் நிரலையும் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். எப்போது வெளியாகும் என்று யார் கேட்டாலும், முடியும்போது வெளியாகும் என்பதே பதிலாக இருந்தது. 2009 மே மாதம் பணம் தீர்ந்து அணியையே கலைத்தார்கள்.

அவர்கள் ஏன் அப்படி மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அரிசோனா பல்கலைக்கழகத்து வானியலாளர்கள் சிலர் 1999ல் எழுதிய ஒரு கட்டுரை உதவும். கணினியின் வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்றால், மிகப் பெரிய கணக்கீடு ஒன்றை இன்றே தொடங்குவது லாபமா, காத்திருந்து புதிய கணினி வாங்கித் தொடங்குவது லாபமா என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. இன்றைய கணினியில் 60 மாதம் ஓடும் கணக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 18 மாதம் சும்மா இருந்துவிட்டு, இருமடங்கு வேகமான கணினியில் தொடங்கினால் 30 மாதத்தில் முடியும். மொத்தம் 48 மாதம். காத்திருந்தவருக்கு ஓராண்டு மிச்சம். ஏறக்குறைய 26 மாதத்துக்கு மேல் ஓடும் எந்தக் கணக்கீட்டுக்கும் காத்திருப்பதே லாபம் என்று கணிதம் சொன்னது.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. தீர்க்க வேண்டிய கணக்கு மாறாமல் அப்படியே இருக்க வேண்டும். விண்மீன்களின் அசைவைக் கணக்கிடும் வானியலாளருக்கு அது பொருந்தும். கேம் செய்பவருக்குப் பொருந்தாது. கணினியின் வேகம் இரட்டிப்பாகும்போது ஆட்டக்காரரின் எதிர்பார்ப்பும் கூடவே ஏறிவிடுகிறது. சென்ற ஆண்டு வியந்து பார்த்த நீரலை இந்த ஆண்டு சாதாரணமாகிவிடுகிறது. 'டியூக்' அணி ஒவ்வொரு முறையும் புதிய தொழில்நுட்பத்தை எட்டிப்பிடித்தபோது, அது பழையதாகியிருந்தது. 2010ல் உரிமையை வாங்கிய கியர்பாக்ஸ் நிறுவனம், மிச்சமிருந்ததை ஒட்டவைத்து 2011ல் வெளியிட்டபோது விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். 14 ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி அந்த கேமுக்குள் இல்லை. கழித்துக் கட்டிய எஞ்சின்களோடு அது போய்விட்டது.

கன்சோல் மாறும்போதும் இதே நெருக்கடி வருகிறது. ஜப்பானின் ஃபுமிட்டோ உஎடா 'தி லாஸ்ட் கார்டியன்' கேமை 2007ல் தொடங்கினார். ஒரு சிறுவனோடு திரியும் ட்ரிக்கோ என்ற பிரம்மாண்ட விலங்கு, சொன்னதை உடனே கேட்காமல், நிஜ விலங்கைப்போல் தயங்கி, முகர்ந்து, தன் இஷ்டப்படி நடக்க வேண்டும் என்பது அவர் கனவு. பிளேஸ்டேஷன் 3 அந்தச் சுமையைத் தாங்கவில்லை. பிளேஸ்டேஷன் 4க்கு மாற்றி, 2016 டிசம்பரில்தான் வெளியிட முடிந்தது. ஆனால் அங்கே ஒரு விஷயம் கடைசிவரை மாறவில்லை. அந்த விலங்கு. கருவி மாறினாலும் கரு மாறாததால், 9 ஆண்டுக்குப் பிறகும் வந்தது அவர் தொடங்கிய அதே கேம்தான்.

சுவையை முன்கூட்டி வரைய முடியாது

பாலம் கட்டும் பொறியாளர் அது எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். ஒரு கேம் ரசிக்கும்படி இருக்குமா என்பதைக் காகிதத்தில் கணக்கிட வழியில்லை. செய்து, விளையாடி, அலுப்புத் தட்டினால் மாற்றிச் செய்வதுதான் ஒரே வழி.

மைக்ரோசாஃப்டில் இருந்து வெளியேறிய கேப் நியூவெலும் மைக் ஹாரிங்டனும் 1996ல் தொடங்கிய வால்வ் நிறுவனத்தின் முதல் கேம் 'ஹாஃப்-லைஃப்'. 1997 இறுதியில் வெளியிடுவதாகத் திட்டம். கெடு நெருங்கியபோது, அணியினர் தாங்கள் செய்ததை விளையாடிப் பார்த்து, இது சுகப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். துண்டு துண்டாக நல்ல யோசனைகள் இருந்தன, முழுமையாகச் சேரவில்லை. ஒரு சிறு குழுவை அமைத்து, அதுவரை செய்ததில் தேறிய ஒவ்வொன்றையும் பொறுக்கியெடுத்து ஒரே ஒரு கட்டத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒரு கட்டம் அபாரமாக இருந்தது. அதை உரைகல்லாக வைத்து மீதி கேமை மறுபடி செய்தார்கள். 1998 நவம்பரில் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்', துப்பாக்கிச் சண்டை கேம்கள் கதை சொல்லும் விதத்தையே மாற்றியது.

த்ரீடி ரெல்ம்ஸும் வால்வும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே வகைக் கேமை, ஒரே குடும்பத்து எஞ்சின்களைக் கொண்டு தொடங்கியவை. இரண்டுமே செய்ததைக் கலைத்தன. வால்வ் ஒருமுறை கலைத்தபோது, எது தேறியது என்று தெரிந்துகொண்டு கலைத்தது. எஞ்சினை மாற்றவில்லை. மற்றவர்கள் எஞ்சினைத் தூக்கிப் போட்டார்கள், ஆட்டத்தின் சுவை எது என்ற கேள்வி பதிலில்லாமலே நின்றது.

கைமாறும் சொத்து

தலைமுறை தாண்டும் வரிசைகள் பிழைப்பது எப்படி என்பதற்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துத்தான் இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோம். நீண்ட ஆயுள் கொண்ட கேம் வரிசைகள் இதைத்தான் செய்கின்றன. முந்தைய கேமின் எஞ்சின், கருவிகள், பழகிய ஆட்கள், ஆட்டவிதிகள் ஆகியவற்றில் ஒரு பங்கு அடுத்த கேமுக்குப் போகிறது.

இதற்கு என்னை மிகவும் ஈர்த்த சான்று ஒரு விளக்கு. 1996ல் வந்த 'குவேக்' கேமில் பழுதான ட்யூப்லைட் ஒன்று விட்டுவிட்டு எரியும். அதை இயக்குவது ஓர் எழுத்துச் சரம். 'ஏ' என்ற ஆங்கில எழுத்து வந்தால் இருள், 'எம்' வந்தால் இயல்பான வெளிச்சம், 'இஸட்' வந்தால் இருமடங்கு வெளிச்சம். நொடிக்கு 10 எழுத்து வீதம் கேம் அந்தச் சரத்தைப் படித்து விளக்கை அணைத்து அணைத்து ஏற்றும். வால்வ் அந்த எஞ்சினை உரிமம் பெற்று வாங்கித் திருத்தி 'ஹாஃப்-லைஃப்' செய்தது. அதைத் திருத்தி அடுத்த எஞ்சின், அதிலிருந்து அதற்கடுத்த எஞ்சின். 2020ல், தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் மெய்நிகர் கேமாக 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' வந்தது. அதில் மினுக்கும் விளக்கொன்றைக் கூர்ந்து கவனித்த ரசிகர்கள், 24 ஆண்டுக்கு முந்தைய அதே தாளத்தில் அது விட்டுவிட்டு எரிவதைக் கண்டுபிடித்தார்கள். கணினி உலகில் கிட்டத்தட்ட எல்லாமே மாறியிருந்தன. அந்தச் சிறு சரம் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருந்தது. சரியாக வேலை செய்யும் ஒன்றை மறுபடி எழுத எவருக்கும் தேவை வரவில்லை.

'கால் ஆஃப் டியூட்டி' 2005 முதல் ஆண்டுக்கு ஒன்றாக வருவதும் இந்த வழியில்தான். ஓராண்டில் அப்படியொரு கேமைச் செய்துவிட யாராலும் முடியாது. பல ஸ்டூடியோக்கள் முறைவைத்து, ஒவ்வொன்றும் 2, 3 ஆண்டு எடுத்துக்கொண்டு வேலை செய்கின்றன. முந்தைய ஸ்டூடியோ செய்த கருவிகள் அடுத்ததற்குப் பயன்படுகின்றன. ரசிகருக்கு ஆண்டுதோறும் ஒரு கேம் கிடைக்கிறது, செய்பவருக்கு அதைவிடக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது.

தாமதமும் நீண்ட ஆயுளும் ஒரே கேமில் சந்தித்த இடம் 'போக்கிமான்'. சதோஷி தஜிரியின் கேம் ஃப்ரீக் நிறுவனம் 1990ல் தொடங்கிய முதல் கேம் 1996 பிப்ரவரியில்தான் ஜப்பானில் வெளிவந்தது. அந்த 6 ஆண்டில் நிறுவனம் பணமுடையில் தத்தளித்தது. கேம் வெளிவந்தபோது அது ஓடும் கேம்பாய் கருவிக்கே வயதாகிவிட்டிருந்தது. ஆனால் புதிய கருவிக்குத் தாவாமல், அந்தச் சிறிய கறுப்பு வெள்ளைத் திரைக்குள்ளேயே ஆட்டவிதிகளைத் தீட்டித் தீட்டிக் கூராக்கியிருந்தார்கள். வேலை முடியும் தறுவாயில், பிழை தேடும் நிரலை நீக்கியதும் ஏறக்குறைய 300 பைட் இடம் மிஞ்சியது. இந்தப் பத்தியை ஒரு கணினிக் கோப்பில் வைக்க அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். புரோகிராமர் ஷிகெகி மொரிமோட்டோ அந்த இடுக்கில் 'மியூ' என்ற 151ஆவது உயிரினத்தை ரகசியமாகச் செருகினார். அதைப் பற்றிய வதந்தியே சிறுவர்களிடையே தீயாகப் பரவி விற்பனையைத் தூக்கிவிட்டது.

அந்த 6 ஆண்டில் உருவான அடிப்படை இன்றும் உயிரோடு இருக்கிறது. உயிரினங்களின் வகைகள் அன்று 15, இன்று 18. நெருப்பைத் தண்ணீர் வெல்லும், தண்ணீரைப் புல் வெல்லும் என்ற அட்டவணை அப்படியே தொடர்கிறது. 1996ல் ஆடிய ஒருவர் இன்றைய கேமைக் கையில் எடுத்தால் முதல் சண்டையிலேயே அவருக்குப் பிடிபட்டுவிடும்.

மரபுச் சொத்து சுமையாவதும் உண்டு. உயிரினங்கள் 151ல் இருந்து 1,000ஐத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் உருவம், அசைவு, திறமைகள் வேண்டும், மற்ற எல்லாவற்றோடும் மோதிப் பார்க்கவும் வேண்டும். மறுபடி அதே ஜோடிகளின் கணக்கு. 2019ல் வந்த 'ஸ்வோர்ட்', 'ஷீல்ட்' கேம்களில் எல்லா உயிரினங்களுக்கும் இடம் கிடையாது என்று நிறுவனம் அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். தாங்கள் வளர்த்த உயிரினம் வராதே என்ற வருத்தத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் எதை விடுவது என்று தீர்மானிக்காத வரிசை ஒருநாள் தன் எடையாலேயே நின்றுபோகும்.

அவசரத்தின் விலை

தாமதத்தைக் குறைசொல்லும்போது, தாமதிக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2012ல் அறிவித்த 'சைபர்பங்க் 2077', 2020 ஏப்ரலில் இருந்து செப்டம்பருக்கும், நவம்பருக்கும், டிசம்பருக்கும் தள்ளிப்போனது. இனித் தள்ள முடியாது என்ற நிலையில் டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். பழைய கன்சோல்களில் கேம் தடுமாறியது, உறைந்து நின்றது, அணைந்தே போனது. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. மறுபடி கடைக்கு வர 6 மாதம் ஆனது. முழுதாகச் செம்மையாக 2023 ஆகிவிட்டது. ஆக, அந்தக் கேமுக்குத் தேவைப்பட்ட காலத்தை அது எப்படியும் எடுத்துக்கொண்டது. வெளியீட்டுக்கு முன்பு எடுக்க வேண்டியதை, காசு கொடுத்து வாங்கியவர்களின் தலையில் கட்டிப் பிறகு எடுத்தது.

வாங்கியவர்களைவிட அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் செய்தவர்கள். கடைசி மாதங்களில் வாரத்துக்கு 6 நாள் வேலை கட்டாயமாக்கப்பட்டது. கெடு நெருங்க நெருங்க இரவு பகலாக உழைக்க வைப்பதற்குத் துறையில் 'கிரஞ்ச்' என்று பெயர். இது இந்த ஒரு ஸ்டூடியோவின் பழக்கம் அல்ல, துறை முழுவதும் பரவியிருக்கும் நோய். தூக்கம் இழந்த புரோகிராமர் எழுதும் நிரலில் பிழை கூடும். அதைத் திருத்த இன்னும் நேரம் போகும். வேலை தெரிந்தவர் சலித்துப்போய் விலகினால், அவர் தலைக்குள் இருந்த அறிவும் கூடவே போய்விடும். கைமாற வேண்டிய சொத்தில் மிக விலையுயர்ந்ததை அப்படி இழக்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான ஒரு கேமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் இயங்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய அணி 2017ல் 'ஹாலோ நைட்' கேமை வெளியிட்டது. 2019ல் அடுத்த பாகமாக 'சில்க்சாங்' வரும் என்று அறிவித்தது. ரசிகர்கள் 6 ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். வேலை எங்கும் முடங்கவில்லை, ரசித்துச் செய்ததால்தான் கேம் வளர்ந்துகொண்டே போனது என்று படைப்பாளிகள் பிறகு விளக்கினார்கள். முதல் கேமின் விற்பனை தந்த பணம் இருந்தது, நெருக்க முதலீட்டாளர் இல்லை. மூன்றே பேர் என்றால் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகளும் மூன்றே. 2025 செப்டம்பரில் 'சில்க்சாங்' விற்பனைக்கு வந்த நேரத்தில், மொய்த்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் பெரிய இணையக் கடைகளே சற்று நேரம் முடங்கின. எல்லா ஸ்டூடியோவுக்கும் இந்த வசதி கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கானோருக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டிய நிறுவனத்துக்குத் தேதி என்பது வயிற்றுப்பாடு.

எந்தத் தாமதம் நல்லது?

இப்போது உலகமே எதிர்பார்ப்பது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6'. ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் வந்து 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆறாம் பாகம் 2025ல் என்றார்கள், பிறகு 2026 மே என்றார்கள், அதையும் 2026 நவம்பர் 19க்குத் தள்ளினார்கள். ஒவ்வொரு முறையும் இணையத்தில் வசை பொழிகிறது. ஏமாற்றம் இயல்பானதுதான். ஆனால் கேமைச் செய்பவர்களைத் தனிப்பட்ட முறையில் திட்டுவதும் மிரட்டுவதும் எந்த வகையிலும் நியாயமில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குத் தேதியைத் தீர்மானிக்கும் அதிகாரமே கிடையாது.

தாமதச் செய்தி வரும்போது நாம் கேட்க வேண்டியது எத்தனை மாதம் என்பதை அல்ல. எதற்காகத் தள்ளினார்கள் என்று கேளுங்கள். எஞ்சின் மாற்றம், இயக்குநர் மாற்றம், கதையே மாற்றம் என்று செய்தி வந்தால் அது 'டியூக்' போன பாதை, கவலைப்படக் காரணம் உண்டு. ஆட்டம் முடிந்துவிட்டது, செப்பனிடுகிறோம் என்று வந்தால் அது ஸெல்டா போன பாதை, பொறுத்திருக்கலாம். தேதியைத் தள்ளாமலேயே ஊழியர்களை வாட்டுகிறார்கள் என்று வந்தால், அந்தக் கேமை முதல் நாளே வாங்காதீர்கள். முன்பதிவுப் பணம் கட்டாதீர்கள். சில மாதம் கழித்து வாங்கினால் பிழை குறைந்த கேம் பெரும்பாலும் குறைந்த விலைக்கே கிடைக்கும். அவசரம் லாபம் தராது என்ற செய்தியும் நிறுவனத்துக்குப் போய்ச்சேரும்.